ஏழாம் பத்தி

கிளைட் மேகார்ட் தள்ளுகட்டிலின் சக்கரப் பூட்டை விடுவிப்பதற்குள் வெர்னா அவன் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

"கிளைட், அப்பாவ உன் இடத்துக்குக் கொண்டு போ. ஆனா ஊசி எதுவும் ஏத்திடாத."

இருபது வருடமாக அந்தப் பள்ளத்தாக்கின் சாவுகளையெல்லாம் கிளைட்தான் குளிப்பாட்டி, அழுகாமலிருக்க மருந்தேற்றி, உடை உடுத்திப் பெட்டியில் வைக்கிறான். பள்ளிக்கூடத்தில் வெர்னாவுக்குப் பின் பெஞ்சு. அவன் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஜூலை மாச வெயில், வெர்னா."

"தெரியும்."

"அறுக்கணுங்கறியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"உங்கம்மா சரின்னுட்டாங்களா? அவங்க கையெழுத்து இல்லாம பெரியாஸ்பத்திரியில உள்ளயே விட மாட்டாங்க."

"இன்னும் கேக்கல."

"எப்பக் கேப்ப?"

"கேக்கறேன்."

கிளைட் பெருமூச்சு விட்டான். "ஐஸ் போட்டுப் பன்னெண்டு மணி வரைக்கும் பாத்துக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது. நெஞ்சுக்குள்ள மருந்த ஏத்திட்டேன்னா அப்புறம் எந்த டாக்டர்கிட்டக் காட்டியும் ஒண்ணும் இல்ல. நான் சொல்லணுமா? என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

அவன் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

கட்டில் சக்கரங்கள் படியில் தட்டித் தட்டி இறங்கின. வெர்னாவின் அப்பா ஹோபர்ட் காடில் அன்று விடிகாலை ஐந்து இருபதுக்குச் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அறுபத்து நாலு வயது. ஆறு வருடமாகப் படுக்கையில் படுத்துத் தூங்கியதில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும். அந்த ஆறு வருடத்தில் சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. பனி பெய்தாலும் அந்தச் சன்னல் திறந்தே இருக்கும். பழைய சட்டம், தானாக நிற்காது. சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுக்கும் மர ஆப்பு ஒன்றைக் கொண்டு வந்து கீழே செருகி வைத்திருந்தார். இப்போது யாரோ ஆப்பை எடுத்துவிட்டுச் சன்னலைச் சாத்தியிருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் ஏதாவது ஒன்றைச் சரிசெய்யாமல் இருக்க மாட்டார்கள்.

மணி எட்டே கால்.

வெர்னாவுக்கு நாற்பத்தொரு வயது. அதில் இருபத்திரண்டு வருடங்களைக் கேனி ஃபோர்க் நிலக்கரி முதலாளிகள் சங்கத்தின் அலுவலகத்தில் கழித்திருந்தாள். நீதிமன்றத்துக்கு எதிரே, வங்கிக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். தட்டச்சு அவளுடையது. பொன்விழாவுக்குச் சங்கத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டபோது அறுபத்தெட்டுப் பக்கங்களையும் அவள்தான் அடித்தாள். அதனால் அந்த வரலாறு அவளுக்கு மனப்பாடம். 1917-ல் யுத்தத்தின்போது நிலக்கரி ஏற்ற ரயில் பெட்டி கிடைக்காமல் பதினொரு முதலாளிகள் ஓட்டல் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். தனித்தனியாகக் கேட்டால் ரயில்காரன் மதிக்க மாட்டான், ஒரே குரலில் கேட்போம் என்று முடிவு செய்தார்கள். அதுதான் தொடக்கம். பிறகு அந்த ஒரே குரல் தலைநகரத்துக்குப் போனது, சட்டசபைத் தாழ்வாரங்களில் நின்றது, என்ன விலை என்று சொன்னது, யாருக்கு வேலை இல்லை என்றும் சொன்னது. தொழிலாளர் சங்கம் பள்ளத்தாக்குக்குள் வந்த காலத்தைப் புத்தகம் ஒரே வரியில் தாண்டியது: 'சில அமைதியற்ற ஆண்டுகளுக்குப் பின்.' அந்த ஆண்டுகளில் ஒன்றில்தான் ஹோபர்ட்டின் தகப்பனாரை, அடுப்பு கட்டில் தொட்டிலோடு, கம்பெனி வீட்டிலிருந்து சாலையில் தூக்கி வைத்தார்கள். ஹோபர்ட்டுக்கு அப்போது பத்தொன்பது வயது. சுரங்கத்தில் இறங்கி நாலு வருடம் ஆகியிருந்தது.

நாற்பத்தியோராம் பக்கத்தில் ஹோபர்ட்டும் இருந்தார். சங்கம் ஆண்டுதோறும் நடத்திய முதலுதவிப் போட்டியில் 1951-ல் ஜெயித்த அணி. ஐந்து பேர், வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், முன்தள்ளிய மார்பு. 'நம் தொழிலாளர்களின் ஆரோக்கியம்' என்று கீழே போட்டிருந்தது. அதையும் அவள்தான் அடித்தாள்.

ஆனால் அலுவலகத்தில் அவளுடைய உண்மையான வேலை பத்திப் புத்தகம். தூசு நோய்க்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, சுரங்கங்களுக்கு வந்த மனுக்கள் எல்லாம் சங்கத்துக்கு வந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக எழுதி உளறக் கூடாது, ஒரே குரலில் பதில் போக வேண்டும். வக்கீல்கள் பதினான்கு பத்திகள் எழுதிக் கொடுத்தார்கள். செயலாளர் மிஸ்டர் பிரூவிட் மனுவைப் படித்துவிட்டு மூலையில் பென்சிலால் எண்களை மட்டும் எழுதுவார். இரண்டு என்றால், எக்ஸ்-ரே படத்தை மருத்துவர்கள் கவனமாகப் பார்த்தார்கள். நாலு என்றால், மூச்சுத் திணறலுக்கு நீண்டகாலப் புகைப்பழக்கம் காரணமாக இருக்கக்கூடும். ஏழு என்றால், நுரையீரல் திசுவை நேரடியாகச் சோதிக்காமல் இது நிலக்கரித் தூசு நோய் என எவரும் உறுதி கூற இயலாது. உயிரோடு இருப்பவனுக்கு ஏழு. அவன் செத்த பிறகு அவன் பெண்டாட்டி எழுதினால் ஒன்பது: இறப்புக்குப் பின் அத்தகைய சோதனை எதுவும் செய்யப்படாததால், வருந்துகிறோம்.

பதினொன்றாம் பத்தி இரங்கல். அது மட்டும் வக்கீல் எழுதியதல்ல. 'உங்களுக்குத்தான் இது வரும், வெர்னா' என்று மிஸ்டர் பிரூவிட் கேட்டுக்கொண்டதால் அவளே எழுதியது.

இரண்டு வருடம் முன்பு ஒரு மார்ச் மாதம் மேசைக்கு வந்த மனுவின் மேல் 'காடில், ஹோபர்ட்' என்று இருந்தது. மூலையில் 2, 4, 7. மிஸ்டர் பிரூவிட் அன்று மேசையருகே வரவில்லை. காகிதத்தை மற்றவற்றோடு சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் அடித்தாள். அப்பா வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்தவரில்லை. சுரங்கத்துக்குள் நெருப்புக் கூடாது. எல்லோரையும் போல் புகையிலை மென்று துப்புகிறவர். அது தெரிந்தும் நாலாம் பத்தியை அடித்தாள். கடிதத்தின் இடது கீழ் மூலையில், சொன்னவரின் முதலெழுத்தும் அடித்தவரின் முதலெழுத்தும் போடுவது அலுவலக வழக்கம்: ஜே.பி./வெ.கா. அன்று அந்த வெ.கா.வை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். இத்தனை வருடத்தில் ஒரு கடிதத்திலும் விட்டதில்லை. விரல் தானாகவே அடித்துவிட்டது.

கடிதம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சாப்பிட வந்தாள். அப்பா மூச்சு வாங்கி வாங்கி, "சோள ரொட்டிய இப்படித் தள்ளு," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நூறு ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கும். அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சமையலறையில் பாத்திரங்கள் வந்துகொண்டிருந்தன. அவரை, உருளைக்கிழங்கு, கோழியும் மாவுருண்டையும். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத் துணியில் வீட்டுக்காரியின் பெயர். அம்மா டெல்ஃபியா அடுப்புப் பக்கம் நின்று, யாரும் வேண்டாம் என்று சொல்லியும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் செத்து மூன்று மணி நேரத்தில் அவள் ஒரு முறைகூட உட்காரவில்லை.

பக்கத்து வீட்டு எடித் ஸ்லோன் ஒரு பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். இரண்டு வருட விதவை. வெர்னாவைப் பார்த்ததும் வாயைக் கோணினாள்.

"அட, ஆபீசுக்கு இன்னைக்கு லீவா?"

"எடித், இன்னைக்கு வேண்டாம்," என்றாள் அம்மா.

"நான் என்ன சொல்லிட்டேன் டெல்ஃபியா? உன் பொண்ணோட கைவேலையப் பாராட்டத்தானே வந்தேன். என் வீட்டுக்காரர் போனப்ப எனக்கு வந்த கடுதாசி இருக்கே, என்ன அழகு! ஒரு எழுத்து தப்பில்ல. கண்ணாடி போட்டுக் கண்ணீரோட நாலு தடவ படிச்சேன்."

வெர்னா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"போஸ்டாபீஸ் வாசல்ல உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கா?" எடித்தின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "அவர அடக்கம் பண்றதுக்கு முந்தின நாள். 'வெர்னா, நான் ஏதாச்சும் செய்யணுமா, எதையாச்சும் விட்டுடறேனா'ன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"ஆபீஸ் விஷயம் வெளியில பேசறதில்லைன்னு சொன்னேன்."

"ஆங். அதான் சொன்ன." எடித் பாத்திரத்தின் மூடியை எடுத்து ஆவியைப் பார்த்தாள். "சூடா இருக்கையிலயே சாப்பிடுங்க."

மணி ஒன்பது.

எடித் வெளியே போனதும் வெர்னா அம்மாவின் அருகில் போய் நின்றாள். இரண்டு பேர் மட்டும். காப்பி கொதித்தது. அவள் வாயெடுத்தாள், வந்தது வேறு ஏதோ.

"கொஞ்சம் உக்காரேன்மா."

டெல்ஃபியா திரும்பி மகளை முழுதாகப் பார்த்தாள். ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பவள் போன்ற பார்வை. "வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்றாள்.

அந்த நேரம் சித்தப்பா ஐரா உள்ளே வந்தார். அப்பாவின் தம்பி, மலைக்கோயில் சபையின் மூப்பர், சாவு வீடுகளில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். கையில் கருப்புத் தொப்பி. "அண்ணி, குழி தோண்ட ஆறு பேர் மேல போயாச்சு. பாறை ஜாஸ்தி. ஆனா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவாங்க," என்றார். அம்மா திரும்பிக் காப்பியை ஊற்றினாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள் வெர்னா.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் முன்னறையில் நாற்காலிகளை வரிசைப்படுத்தினாள். வரிசைப்படுத்திய நாற்காலிகளை மறுபடி எண்ணினாள். அம்மாவிடம் கேட்பது என்றால், அந்தக் கடிதத்தைச் சொல்ல வேண்டும். கடிதத்தைச் சொல்வது என்றால் நாலாம் பத்தியைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கிளைட் மருந்தேற்றிவிடுவான்; நாலு மாதத்தில் அம்மாவின் மனு மாடிக்கு வரும்; மிஸ்டர் பிரூவிட் மூலையில் 9, 11 என்று எழுதித் தட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்.

பத்து மணிக்கு அவருடைய பச்சைக் கார் பாலத்தைத் தாண்டி வந்தது.

மிஸ்டர் ஜேம்ஸ் பிரூவிட் கனத்த உடம்புக்காரர். படியேறும் முன்பே தொப்பியைக் கழற்றினார். மற்றொரு கையில், மெல்லிய துணியில் சுற்றிய புகைபோட்ட பன்றித் தொடை. சுரங்கக்காரன் யார் செத்தாலும் அன்றே சங்கத்திலிருந்து ஒரு தொடைக்கறி வரும். கடைக்குப் போன் செய்து சொல்வது வெர்னாவின் வேலை. இன்று அவரே சொல்லியிருக்க வேண்டும்; வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"டெல்ஃபியாம்மா," என்றார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. "ஹோபர்ட் போன்றவர்களின் கைகளால்தான் இந்தப் பள்ளத்தாக்கின் விளக்குகள் எரிகின்றன. அந்தக் கைகள் ஓய்ந்த இந்த வேளையில், உங்கள் வீட்டின் இருட்டில் நாங்களும் உடனிருக்கிறோம்."

சித்தப்பா ஐரா தலையை ஆட்டி, "நல்ல வார்த்தை," என்றார்.

பதினொன்றாம் பத்தி. ஒரு சொல் மாறவில்லை. மிஸ்டர் பிரூவிட்டுக்கு அது எங்கிருந்து வருகிறது என்றுகூட நினைவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அம்மா தொடைக்கறியை இரண்டு கையாலும் வாங்கி மேசை நடுவில் வைத்தாள். நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டாள். காப்பி கொடுத்தாள். கறி கொண்டுவந்த மனிதரை நிற்க வைத்துப் பேசுவது அந்த மலையில் யாரும் செய்யாத காரியம். அவர் காப்பியைப் பாதி குடித்தார், வெர்னாவைப் பார்த்து, "உனக்கு எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்க, கண்ணு. மேசை எங்கயும் போகாது," என்றார். அவளுக்குத் தட்டச்சுப் படிப்பு முடிந்த வருடம் வேலை கொடுத்தவர்; அவள் பல்வலிக்கு ஒரு முறை தன் காரில் டாக்டரிடம் கூட்டிப் போனவர். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"இது ஒரு சின்ன சம்பிரதாயம், டெல்ஃபியாம்மா. அடக்கத்துக்குச் சங்கத்தோட பங்கு. கம்பெனி டாக்டர் காலையிலயே சர்டிபிகேட்டு எழுதிக் குடுத்துட்டார், இருதயம்னு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா உங்கள இதுக்கப்புறம் யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"தொந்தரவு பண்றவங்க யாரு?" என்றாள் அம்மா.

"யாரும் இல்ல. அதான் சொல்றேன்."

பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெர்னா அந்தப் படிவத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஐந்தாவது வரியில் என்ன இருக்கிறது என்று தெரியும். 'குடும்பத்தார் மேற்கொண்டு எவ்வித மருத்துவச் சோதனையும் கோரவில்லை.'

பேனா காகிதத்தில் பட்டது.

"அம்மா, போடாத."

சமையலறை வாசலில் எடித் ஸ்லோன் துணியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது நின்றது.

மிஸ்டர் பிரூவிட் சிரித்தார். "வெர்னா, இது நீயே அடிச்ச படிவம்."

"அதனாலதான் சார் சொல்றேன்." அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, அப்பாவ அறுத்துப் பாக்கணும். நெஞ்ச. கிளைட் பன்னெண்டு மணி வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கான். நீ சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஆஸ்பத்திரியில பண்ணுவாங்க."

சித்தப்பா ஐரா எழுந்து நின்றார். "என்ன பேச்சு பேசற? செத்து இன்னும் உடம்பு ஆறல. எக்காளம் ஊதிக் கர்த்தர் எழுப்புற நாள்ல என் அண்ணன் பாதியாவா எந்திரிக்கணும்?"

"சித்தப்பா..."

"அறுத்த உடம்புக்கு முன்னால நான் வாயத் திறந்து பாட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"இவளுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல," என்றார் மிஸ்டர் பிரூவிட் மென்மையாக. "அப்பாவ இழந்த பொண்ணு. டெல்ஃபியாம்மா, அறுக்கறதால யாருக்கும் எதுவும் வரப்போறதில்ல. ஹோபர்ட் மாதிரி புகை பிடிக்கறவங்களுக்கு..."

"அவர் புகை பிடிக்க மாட்டார் சார்," என்றாள் வெர்னா.

"பைல்ல அப்படித்தானே..."

"பைல்ல நான்தான் அடிச்சேன். நாலாம் பத்தி. நீங்க நம்பர் போட்டீங்க, நான் அடிச்சேன். அவர் மெல்றவர். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்." அவள் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "அம்மா, ரெண்டு வருஷம் முன்னால அப்பாவுக்கு வந்த கடுதாசி. அது நான் அடிச்சது."

மேசைமேல் தொடைக்கறியின் துணியில் ஈ ஒன்று உட்கார்ந்தது. மிஸ்டர் பிரூவிட் கையால் அதை விரட்டினார்.

டெல்ஃபியா பேனாவைக் கீழே வைத்தாள். மூடி எங்கே என்று தேடி, போட்டு மூடி, அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய ஹோபர்ட்டின் சாப்பாட்டு வாளியை எடுத்தாள். முப்பத்தெட்டு வருடம் அவரோடு மலைக்குள் போய்வந்த அலுமினிய வாளி. அடித்தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி முனையால் நெம்பித் திறந்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு கடிதம்.

"உங்கப்பா குடுத்தது," என்றாள். "'அவளா வாயத் திறந்து கேட்டான்னா குடு. கேக்கலேன்னா என்கூடவே பெட்டியில வெச்சுடு. நீயா எடுத்துக் குடுக்காத'ன்னார். காலையிலேர்ந்து பாக்கறேன், நீ கேப்பியா கேப்பியான்னு."

வெர்னா பிரித்தாள். சங்கத்தின் தலைப்பு. அவளுடைய நேரான ஓரங்கள். கீழே ஜே.பி./வெ.கா. அந்த எழுத்துகளை அவர் தொடவே இல்லை. நாலாம் பத்திக்கு எதிரே, தச்சர் பென்சிலின் தடித்த கோட்டில், ஐந்தாவது வகுப்பு வரை படித்தவரின் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'மெல்லுவேன். திருத்தவும்.'

ஏழாம் பத்தி முழுவதன் கீழும் கோடு இழுத்திருந்தார். ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. பக்கத்தில் ஒரே வார்த்தை.

'சரி.'

"என்ன போட்டிருக்கு?" என்றார் சித்தப்பா. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது.

வெர்னா படித்துக் காட்டினாள். பத்தியையும், பிறகு அந்த வார்த்தையையும்.

"அண்ணி, இது..."

"ஆறு வருஷம் உக்காந்தே தூங்கின மனுஷன், ஐரா," என்றாள் டெல்ஃபியா. "ராத்திரி அவர் நெஞ்சுல கை வெச்சுப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுவேன். முழுசா இருந்தது எப்ப? நீ பாட வேண்டாம்னா பாடாத." பிறகு மகளிடம், "அந்த ஆஸ்பத்திரிக் காகிதம் எங்க?" என்றாள்.

கைப்பையில் இருந்தது. மூன்று வாரமாக இருந்தது. டெல்ஃபியா நின்றபடியே, மேசையில் குனிந்து, மெதுவாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். 'ஃபி' எழுத மறந்து, மேலே சேர்த்தாள்.

மிஸ்டர் பிரூவிட் தன் படிவத்தை எடுத்து மடித்தார். முதல் மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். "வெர்னா, திங்கட்கிழமை நிதானமாப் பேசுவோம்."

"திங்கட்கிழமை நான் வரல சார். பத்திப் புத்தகம் எடது பக்க இழுப்பறையில இருக்கு. மூணாவது பத்தியில ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கும், ஒட்டணும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் டெல்ஃபியா அவரை நிறுத்தினாள். உள்ளே போய் ஊறவைத்த அவரைக்காய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"வேண்டாம் டெல்ஃபியாம்மா, இன்னைக்குப் போய்..."

"கறி கொண்டு வந்தவரை வெறுங்கையோட அனுப்பற வழக்கம் எங்க வீட்டுல இல்ல," என்றாள்.

அவர் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். கார்க் கதவைத் திறக்க அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

எடித் ஸ்லோன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "மணி பதினொண்ணே கால் ஆகுது. நானே கிளைட்டுக்குப் போன் பண்றேன்," என்றாள். வெர்னாவைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை. ஆனால் கார்ச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அறுபது மைல். கிளைட்டின் நீண்ட கருப்பு வண்டிக்குப் பின்னால் வெர்னா தன் காரை ஓட்டிப் போனாள். நிலக்கரி லாரிகள் எதிரே வரும்போதெல்லாம் முன்கண்ணாடியில் தூசு படிந்தது, துடைப்பானைப் போட்டாள், மறுபடி படிந்தது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. கிளைட் ஒரு முனையில், அவள் ஒரு முனையில். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் கிளைட், "பசிக்குதா?" என்று ஒரு தடவை கேட்டான்.

கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் இளைஞர். கையுறைகளைக் கழற்றியிருந்தார். கைகளை அழுத்திக் கழுவியிருந்தது தெரிந்தது, விரல்கள் சிவந்திருந்தன. மேலங்கியின் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கருப்பு. அதை அவர் கவனிக்கவில்லை.

"நீங்க மகளா?"

"ஆமா."

"திசுவை நாங்க மூணு இடத்துக்கு அனுப்புவோம். எழுத்துல வர ஆறு வாரம் ஆகும்." அட்டையில் கிளிப் போட்டிருந்த படிவத்தைப் பார்த்தார். "ரெண்டு விவரம் பாக்கி. எத்தனை வருஷம் சுரங்கத்துல?"

"முப்பத்தெட்டு."

"புகை பிடிப்பாரா?"

"இல்ல. மெல்லுவார்," என்றாள் வெர்னா. "அப்படியே எழுதுங்க டாக்டர். புகையிலை மெல்லுவார்னு."

அவர் எழுதினார். எழுதி முடிக்கும் வரை அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை ஆறரைக்குக் கிளைட் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். முன்னறையில், வெர்னா காலையில் வரிசைப்படுத்திய நாற்காலிகளுக்கு நடுவே, இரண்டு முக்காலிகள்மேல் இறக்கினார்கள். கிளைட் தன் வேலையைத் திறம்படச் செய்திருந்தான். கன்னத்தில் கொஞ்சம் நிறம். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், இறுக்கி முடிந்த கருப்பு டை. நாற்பத்தியோராம் பக்கத்தில் இருந்தது போலவே. மார்பும் சரியான உயரத்தில் நின்றது. உள்ளே என்ன வைத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா ஐரா வெளியே முற்றத்தில், வால்நட் மரத்தடியில், சபைக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. சமையலறை மேசையில் தொடைக்கறி இன்னும் துணி பிரிக்காமல் கிடந்தது.

டெல்ஃபியா அன்று முதல் முறையாக உட்கார்ந்தாள், பெட்டிக்குப் பக்கத்தில். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைச் சட்டைமேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"கிளைட் நல்லாத்தான் பண்ணியிருக்கான்," என்றாள்.

"ஆமாம்மா."

டெல்ஃபியாவின் விரல்கள் மேலே நகர்ந்தன. டையின் முடிச்சைத் தளர்த்தி உருவினாள். சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். அதற்கடுத்ததையும் கழற்றினாள். காலரை இரு பக்கமும் விலக்கிவிட்டாள்.

"வெர்னா, அந்த சன்னலத் திற."

மர ஆப்பு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. வெர்னா சட்டத்தைத் தூக்கி ஆப்பைச் செருகினாள். எந்த உயரம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கட்டையில் பள்ளம் விழுந்திருந்தது, சட்டம் அதிலேயே போய் உட்கார்ந்தது. வெளியே மரத்தடியில் யாரோ, பாட்டை எடுக்கப் போகிறவர்போல், தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.